ராயுவான் அக்காவும் செல்லாத பெயர்களும்

கோலாலம்பூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் 'இல்லை' என்ற சொல்லை முழுசாகக் காதில் வாங்காத ஒரே மனிதப் பிறவி ராயுவான் அக்காதான். எதிரே இருப்பவர் 'இல்' என்று ஆரம்பித்து 'லை'க்கு வந்து சேர்வதற்குள் அக்கா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்திருப்பார்.

ராயுவான் என்றால் மலாயில் மேல்முறையீடு. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத பிள்ளை முதல் மலிவு வீட்டுக்கு மனுப்போட்டு ஏமாந்த குடும்பம் வரை நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சொல். சாதாரண மனிதர்கள் வாழ்நாளில் இரண்டு மூன்று ராயுவான் போடுவார்கள். அக்கா காலையில் பசியாறுவதற்கு முன்பே இரண்டு போட்டுவிடுவார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்ததாகக் கேள்வி. நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே நான்கு மாடிகளில் இயங்கிய தனியார் கல்லூரி அது. அக்கா மாணவர் சேர்க்கைப் பிரிவின் தலைவி. நான் அதே தளத்தில் விளம்பரப் பிரிவு. அதாவது, கல்லூரியில் இல்லாத வசதிகளைப் பற்றி அழகான வாக்கியங்கள் எழுதுவது என் வேலை.

அக்காவின் வல்லமையை நான் முதலில் கண்டது கீழே தெருவோரத்தில், தேங்காய்ப்பால் சோறும் காரச் சம்பலும் விற்கிற நாசி லெமாக் கடையில். "சம்பல் முடிஞ்சிருச்சுக்கா" என்றார் கடைக்காரர். "முடிஞ்சிருச்சா, முடியற மாதிரி இருக்கா? ரெண்டும் வேற வேறலா" என்றார் அக்கா. சட்டியைச் சாய்க்கச் சொன்னார். ஓரத்தைச் சுரண்டச் சொன்னார். கரண்டியின் பின்பக்கத்தைக் கவனிக்கச் சொன்னார். இரண்டு பேருக்குப் போதுமான சம்பல் வந்தது. இரண்டாவது ஆள் நான்.

இன்னொரு நாள் மதியம் கோயிலில் நாங்கள் போய்ச் சேரும்போது ஐயர் திரையை இழுத்துவிட்டார். "நடை சாத்தியாச்சும்மா" என்றார். அக்கா கைகூப்பியபடியே சொன்னார்: "இப்பத்தானே சாமி இழுத்தீங்க? அம்பாள் இன்னும் கண்ணு மூடியிருக்க மாட்டா." ஐயர் ஒரு கணம் திரையைப் பார்த்தார், ஒரு கணம் அக்காவைப் பார்த்தார், திரையை விலக்கினார். இரண்டு பேரில் யாருக்குப் பயந்து விலக்கினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அலுவலகத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு சிவப்பு முத்திரை இருந்தது. அக்கா பொறுப்பேற்ற வாரமே காணாமல் போனது. புதிதாக ஒன்று செய்தார்கள். அதுவும் போனது. மூன்றாவதை நானே தற்செயலாகப் பார்த்தேன். ஜன்னலோரப் பூந்தொட்டி மண்ணில் பாதி புதைந்திருந்தது.

"என்னக்கா இது?"

"செடிக்கு நல்லதுலா தம்பி" என்றார்.

இப்போது டத்தோ பட்டம் வாங்கிய எங்கள் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியை ஆரம்பித்தவர், நடத்தியவர், எல்லா மாடிகளிலும் படமாகத் தொங்கியவர். கெட்டவர் இல்லை. கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் கல்லூரியைத் தொடங்கினார். அது நன்றாக நடந்ததுதான் பிரச்சினை. நன்றாக நடக்கிற எதையும் சும்மா விடக்கூடாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆலோசகர் ஒருவரை வரவழைத்தார். அந்த மனிதரிடம் ஒரு டையும் ஒரு வார்த்தையும் இருந்தன. வார்த்தை 'பிரீமியம்'.

முதலில் வரவேற்பறை நாற்காலிகள் பிரீமியம் ஆயின. பிறகு கம்பளம், கண்ணாடிக் கதவு. அட்டையைத் தொட்டால்தான் திறக்கும் கதவு. எல்லாம் மாறியும் ஏதோ குறைகிறதே என்று சுற்றிப் பார்த்த ஆலோசகர், மாணவர்கள் மட்டும் பழையபடியே இருப்பதைக் கண்டுபிடித்தார்.

அதற்கும் மருந்து எழுதினார். தேர்ச்சி குறைந்தவர்களைச் சேர்த்து ஓராண்டு தயார்செய்கிற அடிப்படை வகுப்பை மூட வேண்டும். விண்ணப்பம் இணையத்தில் மட்டும். நேர்காணல் நேரில் மட்டும், வாரநாளில், காலை எட்டரைக்கு.

அதே வாரம் எனக்கு வந்த உத்தரவு: புதிய சுவரொட்டிக்கு ஒரு வாசகம். 'எல்லோருக்கும் திறந்த கதவு' என்று எழுதினேன். டத்தோவுக்குப் பிடித்துவிட்டது. படம் எடுக்கும்போதுதான் சிக்கல். அந்தக் கதவு அரை நிமிடத்துக்கு மேல் திறந்து நிற்காது. பாதுகாவலர் ஒருவரைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, பிடித்துக்கொள்ளச் சொல்லி எடுத்தோம். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் நான்கு விரல்கள் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் புஷ்பா வந்தார். நகரத்துக்கு வெளியே தள்ளியிருக்கும் ஜெஞ்சாரோமில் ஒரு தாடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், பதினான்கு ஆண்டுகளாக உதவியாளர். முப்பத்தாறு வயது. டிப்ளோமா இல்லாதவர்களை, அதற்குப் படிக்கவாவது சேராவிட்டால், அடுத்த ஆண்டுக்குமேல் வைத்துக்கொள்ள முடியாது என்று தாடிகா நடத்துபவர் சொல்லிவிட்டார். புஷ்பாவின் பழைய தேர்வு முடிவுகள் டிப்ளோமாவுக்குப் போதாது. அடிப்படை வகுப்பு வழியாக வந்தால் உண்டு. மூடப்போவதற்கு முந்தைய கடைசிச் சேர்க்கை அது.

முதல்முறை இணைய விண்ணப்பம் அவரை ஏற்கவில்லை. அக்கா கையால் எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டாம் முறை நேர்காணலுக்கு வந்தார். ஜெஞ்சாரோமிலிருந்து பஸ்ஸில் கிள்ளானுக்கு, அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸுக்கு. வந்து சேரும்போது மணி ஒன்பதரை. நேர்காணல் முடிந்துவிட்டது என்று கீழேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை தன் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிப்போக வந்தார்.

"ரொம்ப நன்றி மேடம். இடம் இல்லன்னா பரவால்ல. எல்லாரும் மரியாதையாத்தான் பேசினாங்க" என்றார்.

அக்கா சான்றிதழ்க் கோப்பைக் கொடுக்கவில்லை. தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "யாரு இல்லன்னு சொன்னா? நான் இன்னும் கேட்டு முடிக்கலையே. வீட்டுக்குப் போங்கம்மா, நான் கூப்பிடறேன்."

முதல் ராயுவான் மனசுக்கு. அடிப்படை வகுப்பை மூட வேண்டாம் என்று கேட்க, அக்கா பழைய மாணவர்களின் கடிதங்களைக் கட்டாக எடுத்துக்கொண்டு நிர்வாகக் கூட்டத்துக்குப் போனார். கூட்டம் என்றால் மூன்று பேர்: டத்தோ, டீன், நிதி மேலாளர். படக்கருவியும் கையுமாக நானும் ஓர் ஓரத்தில் இருந்தேன். அக்கா வாசிக்க வாசிக்க டத்தோ கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "வெரி டச்சிங் சிஸ்டர். வெரி வெரி டச்சிங்" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நெக்ஸ்ட் ஐட்டம்?" என்றார்.

இரண்டாவது மூளைக்கு. மூன்று வாரம் உட்கார்ந்து அறுபத்து நான்கு ஸ்லைடுகள் தயாரித்தார். யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எந்தக் கட்டத்தில் விண்ணப்பத்தைக் கைவிடுகிறார்கள், ஏன் கைவிடுகிறார்கள், எல்லாம் படம் போட்டு. நிதி மேலாளர் ஏழாவது ஸ்லைடில் தூங்கினார். டீன், யாழ்ப்பாணத்து வழிவந்த பேராசிரியர், நாற்பது வருடம் அரசாங்கத்தில் கற்பித்தவர், கையைத் தூக்கி ஒரே ஒரு சொல் சொன்னார்: "ஸ்டாண்டர்ட்." டத்தோ மட்டும் கடைசிவரை கவனமாகப் பார்த்தார். முடிந்ததும் கேட்டார்:

"சிஸ்டர், லோகோவோட நீலம் கொஞ்சம் மாறியிருக்கே?"

அன்று சாயங்காலம் அதே நாசி லெமாக் கடையில் அக்கா தே தாரிக் தேநீரை ஆற்றாமல் குடித்தார். நாக்கு சுட்டதையும் கவனிக்கவில்லை. "தம்பி, நான் தப்புப் பண்ணிட்டேன். எனக்கு எங்க வலிக்குதோ அதையே சொல்லிட்டிருந்தேன். அவங்களுக்கு எங்க வலிக்கும்னு பாக்கவே இல்ல" என்றார். கோப்பையைக் கீழே வைத்தார். "அவங்களுக்கு வலிக்கற மாதிரி எதுவுமே நடந்ததில்லலா. அதான் விஷயம்."

பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கடைக்காரர் சம்பல் சட்டியை உள்ளே எடுத்துவைத்தார்.

எங்கள் நிர்வாகம் ஆண்டுதோறும் ஒருமுறை குளிர்ந்த மலைமேல் உள்ள ஹோட்டலுக்குப் போய், மாஜோங் பேப்பர் எனப்படும் பெரிய தாள்களைச் சுவரில் ஒட்டி, 'நமது தூரநோக்கு' என்று எழுதிவிட்டு பஃபே சாப்பிட்டுத் திரும்பும். அந்த ஆண்டு அக்கா புதிய யோசனை சொன்னார். மலைக்குப் பதிலாக ஜெஞ்சாரோம். ஒரு தாடிகாவில் 'சமூகத்தோடு ஒரு நாள்'. நிறைய புகைப்படம் எடுக்கலாம், பத்திரிகைக்குக் கொடுக்கலாம், எதிர்த்தெருக் கல்லூரி இன்னும் இப்படி ஒன்றைச் செய்யவில்லை.

எதிர்த்தெருக் கல்லூரி என்றதும் டத்தோ பூப்போட்ட புதிய பாத்தேக் சட்டை வாங்கினார்.

கல்லூரி வேனில் போனோம். காலைப்பொழுது நன்றாகவே கழிந்தது. பிள்ளைகள் பாடினார்கள். டத்தோ கைதட்டினார். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி டத்தோவின் மடியில் உட்கார்ந்து, அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு தரமாட்டேன் என்று அலறினாள். டத்தோ கெஞ்சினார். டீன் ஆங்கிலத்தில் அறிவுரை சொன்னார். உள்ளேயிருந்து புஷ்பா வந்தார், பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார், தன் முகத்தை நீட்டினார். "கண்ணாடிய எனக்குப் போட்டு விடறியா? நான் டத்தோ மாதிரி இருக்கேனான்னு பாப்போம்" என்றார். சிறுமி போட்டுவிட்டாள். சிரித்தாள். கண்ணாடி உரியவரிடம் போய்ச் சேர்ந்தது.

"யாருமா இந்தப் பொண்ணு? ரொம்ப நல்லா ஹேண்டில் பண்றாங்களே" என்றார் டத்தோ. அக்கா வாயைத் திறக்கவே இல்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்து வெளியே வந்தால் வேனைக் காணவில்லை.

"வேன் எங்க சிஸ்டர்?"

"திருப்பி அனுப்பிட்டேன் டத்தோ."

"ஏன்?"

"புரோகிராம்ல அடுத்த ஐட்டம் இருக்கே. இப்போ நீங்க மூணு பேரும் ஜெஞ்சாரோம் மாணவருங்க. முதல்ல போன்ல நம்ம காலேஜ் ஃபாரத்த நிரப்பணும். நாலு மணிக்கு பிரிக்பீல்ட்ஸ்ல நேர்காணல். பஸ் ஸ்டாப் அந்தா, மரத்தடியில."

டத்தோவின் முகம் சிவந்தது. நிதி மேலாளர் அவசரமாக வாடகைக் காரை வரவழைக்கும் செயலியைத் திறந்தார். அருகில் ஓட்டுநர் யாருமில்லை என்றது அது. டத்தோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாடிகா வாசலில் பெற்றோர்கள் இருபது பேர் கையசைத்துக்கொண்டு நின்றார்கள். அக்கா என் பக்கம் தலையசைத்தார். நான் படக்கருவியைத் தூக்கினேன்.

டத்தோ புன்னகைத்தார். "குட் ஐடியா" என்றார். அவர் பற்கள் கடிபட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

மரத்தடிச் சிமெண்டுப் பலகையில் மூவரும் வரிசையாக உட்கார்ந்து போனைத் தட்டினார்கள். டீன் தன் அடையாள அட்டையைப் படமெடுத்து ஏற்றினார். கோப்பு மிகப் பெரியது என்று வந்தது. சிறியதாக்கி ஏற்றினார். தெளிவில்லை என்று வந்தது. பிறகு எழுந்து நின்று ஏற்றினார். நிதி மேலாளர் எட்டுப் பக்கமும் நிரப்பிவிட்டு ஒன்பதாவதில் குடும்ப விவரம் தேடிக்கொண்டிருந்தபோது, நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும் என்றது. அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். புஷ்பா காதில் விழாததுபோல் உள்ளே போய் மூன்று பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்.

டத்தோ முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை.

நம் பெயர்கள் அடையாள அட்டையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நம் பெயர், பிறகு ஏ, ஒரு சாய்கோடு, எல், பிறகு அப்பா பெயர். இன்னாருடைய மகன் என்று அர்த்தம். பெண்ணென்றால் ஏ சாய்கோடு பி. டத்தோ தன் பெயரை அப்படியே அடித்தார். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: 'உங்கள் பெயர் செல்லாது. எழுத்துகளை மட்டும் பயன்படுத்தவும்.'

மறுபடி அடித்தார். செல்லாது. நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, மூன்றாம் முறை அடித்தார். செல்லாது.

"என்ன சிஸ்டர் இது? என் காலேஜுல என் பேரு செல்லாதா?"

"நம்ம ஆளுங்க யாரு பேருமே செல்லாது டத்தோ. அந்தக் கோட்ட அதுக்குப் பிடிக்கல. புஷ்பாவுக்கும் இதே கதைதான். நான் ஐடி ஆளுங்கிட்ட பதினாலு தடவ எழுதிக் கேட்டேன். மாத்த ஆறு மாசம் ஆகும்னாங்க. கோட்ட எடுத்துட்டுப் போடுங்க, போகும். இவங்க ரெண்டு பேரும் அப்படித்தான் போட்டாங்க."

டத்தோ விரலை அந்தச் சாய்கோட்டின் மேல் கொண்டுபோனார். அழிக்கவில்லை. "கோட்ட எடுத்தா எங்கப்பா பேரு என் பேருல ஒட்டிக்கும். நான் யாரு மகன்னு எப்படித் தெரியும்?" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. போனைப் பார்த்தே சொன்னார். அவர் அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை செய்தவர் என்று, அடுத்து அவர் முணுமுணுத்ததிலிருந்து அன்றுதான் தெரிந்தது.

அக்கா பதில் சொல்லவில்லை. பேச ஒரு வாய்ப்பு கிடைத்தும் அவர் சும்மா இருந்தது அன்று இரண்டாவது முறை.

பஸ் ஒரு மணி பத்து நிமிடம் கழித்து வந்தது. அதற்குள் டீன் பக்கத்துத் தள்ளுவண்டியில் ஆறு பீசாங் கோரெங் சாப்பிட்டிருந்தார். வாழைப்பழ பஜ்ஜியின் எண்ணெய் அவருடைய பல்கலைக்கழக டையில் சொட்டியிருந்தது. கிள்ளானில் இறங்கி, ஓடி, ரயிலைத் தவறவிட்டு, அடுத்ததைப் பிடித்து நின்றுகொண்டே வந்தோம். நிதி மேலாளர் காலைக் கடித்த புதுச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பிரிக்பீல்ட்ஸில் கல்லூரி வாசலை அடைந்தபோது மணி ஐந்தே முக்கால்.

கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. டத்தோவின் நுழைவு அட்டை, எங்களுடையதைப் போலவே, வேனிலேயே போய்விட்டது. உள்ளே புதிதாகச் சேர்ந்த பாதுகாவலர் ஒருவர், நேபாளத்துக்காரர். வியர்வையில் ஒட்டிய பாத்தேக் சட்டையோடு கதவைத் தட்டிய மனிதரைப் பார்த்தார். கடிகாரத்தைக் காட்டினார். நாளைக்கு வா என்று கையால் சைகை செய்தார்.

டத்தோ தட்டிய இடத்துக்கு நேர்மேலே என் சுவரொட்டி ஒட்டியிருந்தது. 'எல்லோருக்கும் திறந்த கதவு.' அதன் ஓரத்தில் நான்கு விரல்கள்.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் திரும்பி நின்று இருமினேன்.

திங்கட்கிழமை ஐடி ஆட்கள் ஆறு மாத வேலையை மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்தார்கள். சாய்கோடு செல்லுபடியானது. நேர்காணலை வீடியோவிலும் வைக்கலாம், சனிக்கிழமை கிள்ளானிலும் வைக்கலாம் என்று டத்தோ உத்தரவு போட்டார். ஆலோசகர் 'பிரீமியம்' என்று ஆரம்பித்தார். "நீங்க பஸ்ல போயிருக்கீங்களா?" என்று டத்தோ கேட்டார். அத்தோடு ஆலோசகர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

அடிப்படை வகுப்புக்கு மட்டும் டீன் அசையவில்லை. "பஸ் வேற, படிப்பு வேற. தரம் குறைஞ்சா நான் இருக்க மாட்டன்" என்றார். அக்கா இந்த முறை ஸ்லைடு கொண்டுபோகவில்லை. ஒரே ஒரு தாள். அடிப்படை வகுப்பு வழியாக உள்ளே வந்தவர்களின் பெயர்கள், இப்போது என்ன செய்கிறார்கள் என்ற விவரம். ஆறாவது பெயரில் டீனின் விரல் நின்றது. எங்கள் கல்லூரியின் கணக்கியல் விரிவுரையாளர். டீன் ஒவ்வொரு கூட்டத்திலும் மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிற பெண்.

"இவவா? இவ ஒருநாளும் சொல்லேல்லையே."

"நீங்க ஒருநாளும் கேக்கலையே புரொஃபசர்."

டீன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஒரு நிபந்தனை போட்டார். வருகிறவர்களைத் தானே நேர்காணல் செய்ய வேண்டும்.

முதல் ஆளாகப் புஷ்பா, கிள்ளானில், ஒரு சனிக்கிழமை. டீன் ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்விக்குப் புஷ்பாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். டீன் தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழுக்கு மாறினார். "அம்மாவ விட மாட்டன் எண்டு ஒரு பிள்ளை அழுதா என்ன செய்வீங்க?"

"அழட்டும் சார். உள்ள இழுக்க மாட்டேன். நானும் வாசல்லயே அதுகூட உக்காந்துக்குவேன். அம்மா போனப்புறம் திரும்பிப் பாக்கறப்ப அங்க ஒரு ஆளு இருக்கணும்ல?"

டீன் தலைகுனிந்து நிறைய எழுதினார். பிறகு பார்த்தோம். 'சேர்க்கலாம்' என்று ஒரே சொல்தான். அதன் கீழே மூன்று கோடுகள்.

புதிய மாணவர் அறிமுக விழாவில் டத்தோ முழங்கினார். "ஜெஞ்சாரோம் பஸ் ஸ்டாப்புல உக்காந்திருந்தப்ப எனக்கு ஒரு ஐடியா வந்துச்சு" என்று தொடங்கி, அடிப்படை வகுப்பு, சனிக்கிழமை நேர்காணல், சாய்கோடு எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லி முடித்தார். சபையில் பலமாகக் கைதட்டியது ராயுவான் அக்கா.

எனக்குத் தாங்கவில்லை. "என்னக்கா, எல்லாம் அவரு பேருல போயிருச்சே. இதுக்கு ஒரு ராயுவான் போட மாட்டீங்களா?"

"பைத்தியமா தம்பி? அடுத்தவன் ஐடியாவ எவனும் எப்ப வேணா நிறுத்துவான். சொந்த ஐடியாவ நிறுத்துவானா?" என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை கைதட்டினார்.

வகுப்பு நிற்கவில்லை. புஷ்பா முடித்து, டிப்ளோமாவும் வாங்கி, அதே தாடிகாவில் இப்போது ஆசிரியை.

அந்த விழாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அக்கா பணி ஓய்வு பெற்றார். பிரியாவிடை விழாவில் கேக் வெட்டினோம். வாழ்த்துரை எழுதவும் வாசிக்கவும் என்னைத்தான் சொன்னார்கள். இல்லாத வசதிகளைப் பற்றி எழுதிப் பழகிய கை, இருந்த மனுஷியைப் பற்றி எழுதத் தடுமாறியது. பாதிதான் வாசித்தேன்.

அந்த வேலையில் நான் அதற்குமேல் நான்கு மாதம்தான் இருந்தேன். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு ஏதேதோ காரணம் சொல்லியிருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு யாரோடாவது வாதாடியபடி அவர் படியேறி வரும் சத்தம் கேட்காத இடத்தில் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. உண்மையான காரணம் அவ்வளவுதான்.